கடற்கரை விடுதிகள்: திட்டமிடல் விதிகளும் நோக்கங்களும்

சுற்றுலாத் தொழில் அந்நியச் செலாவணியையும் வேலை வாய்ப்பையும் பெருக்க வல்லது. கோவா, கோவளம், புரி போன்ற இடங்களில் கடலின் எழிலே முதலீட்டை ஈர்க்கிறது. ஆயினும், விடுதிகள் எழும் மணற்பரப்பில்தான் மீனவர்கள் படகுகளை ஏற்றி வைக்கின்றனர், வலைகளை உலர்த்துகின்றனர். மணலுக்கடியில் தேங்கும் நன்னீரே அவர்களுடைய கிணறுகளுக்கு ஆதாரம். ஆகவே, கடற்கரையில் விடுதி அமைப்பதை மனைக்கு உரியவரின் விருப்பத்திற்கு மட்டும் விட்டுவிட இயலாது.

விதிகள் தோன்றிய வரலாறு

1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்கள் எழாமல் காக்குமாறு வலியுறுத்தினார். உயர் அலைக் கோடு என்பது அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கின்போது நீர் நிலத்தில் ஏறி எட்டும் எல்லையாகும். இவ்வறிவுரை சட்ட வலிமை பெறப் பத்தாண்டுகள் ஆயின. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியிடப்பட்டது.

அளவுகளும் காரணங்களும்

இவ்வறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சிப் பணிகளுக்குத் தடை செய்யப்பட்ட பகுதியாக இருந்தது. 200 மீட்டருக்கும் 500 மீட்டருக்கும் இடையே, குறிக்கப்பட்ட இடங்களில், மத்திய அரசின் முன் அனுமதியுடன் விடுதிகள் அமைக்க இடமளிக்கப்பட்டது. மனை 0.4 ஹெக்டேருக்குக் குறையலாகாது. அனைத்துத் தளங்களின் மொத்தப் பரப்பு மனையில் 33 விழுக்காட்டை மீறலாகாது. சான்றாக, 4,000 சதுர மீட்டர் மனையில் இரு தளங்களும் சேர்ந்து 1,320 சதுர மீட்டரே இருக்கலாம். உயரத்திற்கு வரம்பு 9 மீட்டர்.

இரு விடுதிகளுக்கிடையே 20 மீட்டர் அகல இடைவெளி விடப்பட வேண்டும். மக்கள் கடலை அடையும் வழி அடைபடாதிருக்கவே இவ்விதி. முதல் 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுத்தலும் கூடாது; மிகையாக இறைத்தால் நன்னீர் விலகி உவர்நீர் உட்புகும், ஊர்க் கிணறுகள் பாழாகும். சுத்திகரிக்கப்படாத கழிவு நீரைக் கடலிலோ கரையிலோ விடுதலும் விலக்கப்பட்டுள்ளது.

தளர்வுகளும் படிப்பினையும்

1994-இல் செய்யப்பட்ட திருத்தம், 200 மீட்டர் வரம்பைத் தளர்த்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. உச்ச நீதிமன்றம் 1996-இல் அதனைச் செல்லாததாக்கியது. 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. ஏனைய ஊரகக் கடற்கரைகளில் 200 மீட்டர் வரம்பு நீடிக்கிறது.

கடலோர விதிகள் காயல்களுக்கும் பொருந்தும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலிலுள்ள நெடியதுருத்துத் தீவில் எழுந்த விடுதியை எதிர்த்து, வலை ஊன்றும் இடங்களை இழந்த மீனவர்கள் வழக்குத் தொடுத்தனர். அதனை இடிக்குமாறு 2013-இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2022-இல் இடிப்புப் பணி தொடங்கியது. முதலீடும் வீணாயிற்று, மீனவரின் பல்லாண்டுப் பிழைப்பும் மீளவில்லை.

அடித்தளம் தோண்டுமுன்பே உயர் அலைக் கோடு, பொதுவழி, நீர் ஆதாரம், கழிவு நீர் அகற்றும் முறை ஆகிய நான்கையும் நேரில் ஆய்ந்து அனுமதி வழங்குவதே அலுவலர்களின் கடமையாகும். கட்டிய பின் இடிப்பதினும் கட்டுமுன் தடுப்பதே நாட்டிற்கும் முதலீட்டாளருக்கும் நலம் பயக்கும்.