மோதற் பகுதிகளில் பள்ளிக் கட்டடம்: பஸ்தர் தரும் பாடம்

பள்ளி கட்டுதல் என்பது பொதுவாக நிதி, இடம், கட்டுமானப் பொருள் ஆகியவற்றைப் பொறுத்த பணியாகும். ஆயுத மோதல் நிகழும் பகுதியிலோ, கட்டிய கட்டடத்தை யார் பயன்படுத்துவர் என்னும் வினாவும் எழுகிறது. சத்தீஸ்கர் மாநிலத்துப் பஸ்தர் பகுதியின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது.

மாவோயிஸ்டுகளுக்கு எதிராக 2005-இல் சல்வா ஜூடும் இயக்கம் தோன்றியபின் அங்கு மோதல் முற்றியது. பல சிற்றூர்கள் வெறிச்சோடின. மக்கள் முகாம்களுக்கும் அண்டை மாநிலத்திற்கும் பெயர்ந்தனர். காட்டுக் கிராமங்களில் உறுதியான சுவரும் கூரையும் உடையது பெரும்பாலும் பள்ளிக் கட்டடமே. ஆகவே பாதுகாப்புப் படையினர் பல பள்ளிகளில் தங்கினர். மாவோயிஸ்டுகள் பள்ளிகளைத் தகர்த்தனர். பள்ளிகளைப் படையினர் காலி செய்யவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது.

மூங்கிற் பள்ளிகள்

இந்நிலையில் மேற்கொள்ளப்பட்ட மாற்று ஏற்பாடே 'போர்ட்டா கேபின்' எனப்படும் உறைவிடப் பள்ளியாகும். மூங்கில் தட்டிகளாலான இக்கூடங்கள் சாலையை ஒட்டிய ஊர்களில் எழுந்தன. சுமார் 500 மாணவர் தங்கிப் பயிலுமாறு இவை திட்டமிடப்பட்டன. விரைவில் அமைக்கலாம், படைமுகாமாக மாற்றுவதற்கோ இவை ஏற்றவையல்ல. கட்டுமானப் பொருளின் மென்மையே கட்டடத்திற்குக் காப்பாயிற்று எனலாம்.

எனினும், வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறாத செலவும் உண்டு. கல்வி உரிமைச் சட்ட விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. இங்கோ சிறு குழந்தைகள் பெற்றோரையும், கோண்டி முதலிய தாய்மொழிகள் வழங்கும் சூழலையும் பிரிந்து வாழ நேர்ந்தது. மூங்கில் எளிதில் தீப்பற்றக்கூடியது. 2024 மார்ச்சில் பீஜாப்பூர் மாவட்டத்து உறைவிடப் பள்ளியொன்றில் நேர்ந்த தீ விபத்தில் ஒரு சிறுமி உயிரிழந்தாள்.

கிராமத்திற்குத் திரும்புதல்

நீண்டகாலம் மூடிக் கிடந்த 260 பள்ளிகள் 2022-இல் பஸ்தர் பகுதியில் மீண்டும் திறக்கப்பட்டன. பல இடங்களில் கிராம மக்களே கொட்டகை அமைக்க உதவினர். உள்ளூர் இளைஞர்கள் கற்பித்தனர்.

இவற்றிலிருந்து திட்டமிடுவோர் மூன்று கருத்துகளைப் பெறலாம். பள்ளியைப் படைத்தேவைக்குப் பயன்படுத்தாமை முதல் நிபந்தனையாதல் வேண்டும். உறைவிடப் பள்ளியை, திரும்பும் காலத்தையும் வகுத்துக்கொண்ட இடைக்கால ஏற்பாடாகவே கருதவேண்டும். அதுவரை அதன் தீப் பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. அமைதி திரும்புகையில் முதல் முதலீடு கிராமப் பள்ளிக்கும் அதன் ஆசிரியருக்கும் உரியது. குழந்தை மாலையில் வீடு திரும்பக்கூடிய பள்ளியே மறுவாழ்வின் உண்மையான அளவுகோலாகும்.