மலைநடையில் மான் கணக்கு

பரிமாற்றத் திட்டத்தின்கீழ் நம் நாட்டில் பயிலும் பிறநாட்டு மாணவர்கள், வார இறுதியில் மலைநடை செல்ல விரும்புதல் இயல்பு. அதனைப் பாடமாக்குதல் உடன்செல்லும் ஆசிரியரின் கடமை. ஸ்ரீநகரை அடுத்த தாச்சிகாம் இதற்கு ஏற்ற இடமாகும். நகரின் குடிநீரைக் காக்கும் பொருட்டு 1910-இல் ஒதுக்கப்பெற்ற இவ்வனம், 1981-இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 141 சதுர கிலோமீட்டர். ஹங்குல் எனப்படும் காசுமீர மானின் முதன்மையான புகலிடம் இது. எஞ்சியிருப்பவை சில நூறே.

மானைக் கண்டதோடு மாணவர் நின்றுவிடலாகாது. ஆணாகிய கலை, பெண்ணாகிய பிணை, கன்று என வகைபிரித்து எண்ணுதல் வேண்டும். கிளைத்த கொம்பு கலைக்கே உண்டு. இளவேனிலில் அது உதிர்ந்துவிடும். ஆதலின் இலையுதிர் காலமே எண்ணுதற்கு உகந்தது. அது கூடற்பருவமாகையால், கலைகள் பிணைக்கூட்டங்களை நாடி வரும். அவற்றின் முழக்கம் தொலைவிலும் கேட்கும்.

நூறு பிணைகளுக்குக் கன்றுகள் எத்தனை என்பது இனத்தின் வருங்காலத்தை உணர்த்தும் அளவு. ஹங்குலில் இவ்விகிதம் குறைந்திருப்பதே அறிஞர்களுக்குக் கவலை தருகின்றது.

வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றியமையாதவை. கருங்கரடிகள் அப்பருவத்தில் இரைதேடித் திரியுமாதலால், எவரும் தனித்துச் செல்லலாகாது. மான்களிடமிருந்து காற்று நம்மை நோக்கி வீசும் பக்கத்தில் அசைவின்றி நிற்க வேண்டும். நாள், நேரம், இடம் ஆகியவற்றையும் குறிக்க. ஒருநாள் கணக்கு இனத்தின் மதிப்பீடாகாது என்பதை மாணவர்க்கு விளக்குக. கன்று காணப்படவில்லையெனில், அக்கட்டத்தை வெறுமையாய் விடாது, சுழியம் இடுமாறு அறிவுறுத்துக.