மினார் விழுந்த ஊரும் நம்ம ஸ்டில்ட் பார்க்கிங்கும்

அகமதாபாத் ஜும்மா மசூதியின் நடு வாசலுக்கு இரண்டு பக்கமும் பாதியோடு நின்றுபோன இரண்டு மினார்கள் இருக்கின்றன. 1424-ல் கட்டி முடிக்கப்பட்ட மசூதி அது. கிட்டத்தட்ட 400 வருஷம் அந்த ஊரின் அடையாளமாக நின்ற மினார்களின் மேல்பகுதி, 1819 ஜூன் 16 அன்று கட்ச் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் சரிந்தது. நடுக்கத்தின் மையமோ 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது.

ஊர் அதை மெல்ல மறந்தது. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை 8.46-க்கு அதே கட்ச் மறுபடியும் ஆடியது. இந்த முறை அளவு 7.7. அரசுக் கணக்குப்படியே 13,800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புஜ் நகரின் ஆயினா மஹால், பிராக் மஹால் இரண்டும் பலத்த சேதம் அடைந்தன. மையத்திலிருந்து ரொம்ப தூரத்தில் இருந்த அகமதாபாத்திலும் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே விழுந்தவற்றில் பெரும்பாலானவை பழைய மினார்களோ கோட்டைகளோ கிடையாது. கீழே கார் பார்க்கிங், மேலே நாலு மாடி அல்லது பத்து மாடி என்று கட்டிய புது அபார்ட்மென்ட்கள்.

தாம்பரத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன? அகமதாபாத் இருந்தது நிலநடுக்க மண்டலம் 3-ல். ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2002 பதிப்பில் சென்னையும் மண்டலம் 2-லிருந்து 3-க்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் வருஷம்தான், 2001 செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரி கடலோரத்தில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் வந்து சென்னையிலும் உணரப்பட்டது. கட்ச் இருப்பது மண்டலம் 5-ல். அந்த அளவு ஆபத்து இங்கே இல்லை, பீதி தேவையில்லை. ஆனால் அகமதாபாத்தில் உயிர்களைக் குடித்த இரண்டு காரணங்கள், அதாவது அடிமண்ணும் திறந்த தரைத்தளமும், நம் ஏரியாவிலும் இருக்கின்றன.

முதல் பாடம்: காலுக்குக் கீழே என்ன மண்?

பல்லாவரம், திருசூலம், பரங்கிமலை எல்லாம் சார்னகைட் பாறை. உலகத்திலேயே மிகப் பழைய, கடினமான பாறை வகைகளில் ஒன்று. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் களிமண்ணும், தோண்டினால் சீக்கிரமே தண்ணீரும் வரும்.

பாறையில் வேகமாக வந்து போகும் அதிர்வு, மென்மண்ணுக்குள் நுழைந்ததும் மெதுவாகி, பெரிதாகி, ரொம்ப நேரம் ஆட்டும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ சிட்டியில் நடந்தது இதுதான். மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையில். நகரமோ பழைய ஏரிப்படுகை மேல் இருந்தது. நகரின் பெயர்போன ரெஜிஸ் ஹோட்டல் இடிந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு திறந்த சதுக்கம்தான் இருக்கிறது.

நம்ம விதித்தொகுப்பை வைத்தே ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஸ்டில்ட்டும் நாலு மாடியும் கொண்ட, 15 மீட்டர் உயர, 1,000 டன் எடையுள்ள குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். சுவர்களைச் சேர்க்காமல் வெறும் தூண்-பீம் சட்டகமாக எடுத்தால் அதன் அலைவு நேரம் சுமார் 0.57 விநாடி. கம்பி எல்லாம் ஐ.எஸ். 13920 படி கட்டியிருந்தால், மண்டலம் 3-ல் பாறை மேல் அது தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை சுமார் 28 டன். அதே கட்டடம் சதுப்பு மண்ணில் என்றால் 40 டன். இதே மண்ணில் மண்டலம் 2-க்கு என்று கணக்குப் போட்டிருந்தால் 25 டன்தான் வந்திருக்கும். ஒரே வரைபடத்தை பல்லாவரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க முடியாது என்பது இதனால்தான்.

இரண்டாம் பாடம்: கீழ்த்தளம் ஏன் முதலில் போகிறது?

மேல்மாடிகளில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் இருக்கிறது. அதனால் மேலே இருப்பதெல்லாம் ஒரே பெட்டி மாதிரி விறைப்பாக இருக்கும். ஸ்டில்ட் தளத்தில் வெறும் தூண்கள். நிலம் ஆடும்போது மேல் பெட்டி மொத்தமாக நகரும். வளைய வேண்டிய வேலை முழுக்க கீழ்த் தூண்களின் தலையில் விழும். இதைத்தான் மென்தளம் என்கிறோம்.

உயரமும் சேர்ந்து படுத்தும். தூணின் விறைப்பு உயரத்தின் கனத்துக்கு எதிர்விகிதம். 3 மீட்டர் தூணை 3.6 மீட்டர் ஆக்கினால் விறைப்பு சுமார் 42 சதவீதம் குறைந்துவிடும். அகமதாபாத்தில் பல கட்டடங்களின் தரைத்தளம் நொறுங்கி, மேல்மாடிகள் அதன்மேல் உட்கார்ந்தது இப்படித்தான். மோசமான கான்கிரீட்டும், கீழே தூணே இல்லாமல் பீம் மேல் நிறுத்திய தூண்களும் மீதி வேலையைப் பார்த்தன.

நம்ம ஊர் சிக்கல்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. அதைப் பார்த்தவர்களுக்கு ஸ்டில்ட் என்பது பாதுகாப்பு. பார்க்கிங் தளம் தளப்பரப்புக் குறியீட்டில் சேராது என்பதால் பில்டருக்கும் லாபம். ஆக, வெள்ளத்துக்குச் சரியான பதில், நடுக்கத்துக்குத் தவறான பதிலாகிறது. அதுவும் தாழ்வான, மண் கொட்டி மேடாக்கின இடங்களில்தான் ஸ்டில்ட் அதிகம் தேவைப்படுகிறது!

அதுக்காக ஸ்டில்ட்டே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஸ்டில்ட்டை வலுவாக்க வேண்டும், அவ்வளவுதான். விதித்தொகுப்பின் 2002 பதிப்பே, திறந்த தளத்தின் தூண்களையும் பீம்களையும் 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. இல்லையென்றால் இரண்டு திசையிலும் சமச்சீராக கான்கிரீட் சுவர் வைக்கச் சொன்னது. எல்லா இடைவெளியையும் அடைக்க வேண்டியதில்லை. நாலைந்து இடங்களில் சுவர் வந்தால் போதும், காரும் நுழையும், வெள்ளமும் வடியும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கும் வழி இருக்கிறது. தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டுப் பெரிதாக்கலாம், புதுச் சுவர் சேர்க்கலாம். ஆனால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்த பிறகு. ஒரு பக்கம் மட்டும் சுவர் வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். தூணோடு ஒட்டி அரைச்சுவர் வைத்தால் அந்தத் தூண் குட்டையாகி வெட்டுண்டு போகும்.

இந்த வாரம் பார்க்க வேண்டியவை

உங்கள் வீடு, ஹாஸ்டல், பக்கத்துத் தெரு எதுவானாலும் சரி:

1. ஸ்டில்ட்டில் எங்கேயாவது கான்கிரீட் சுவர் உண்டா? இரண்டு திசையிலும் உண்டா?
2. மேல்மாடித் தூண் ஒவ்வொன்றும் நேராகத் தரை வரை இறங்குகிறதா?
3. கட்டும் வேலை நடக்கிற இடம் என்றால், தூண் ரிங்குகளின் முனை 135 டிகிரிக்கு உள்நோக்கி வளைந்திருக்கிறதா? 90 டிகிரி கொக்கி ஆட்டத்தில் பிரிந்துவிடும்.
4. மண் பரிசோதனை அந்த மனையிலேயே எடுத்ததா?
5. கட்டியது 2002-க்கு முன்பா, பின்பா?

மேலே படிக்க விரும்புகிறவர்கள், பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து எழுதிய நிலநடுக்கக் குறிப்புகளிலிருந்து ஆரம்பிக்கலாம், இணையத்தில் இலவசம். கட்டட மாதிரிகளை ஆட்டிப் பார்க்கும் அதிர்வு மேடை, தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இருக்கிறது. டிபார்ட்மென்ட் மூலமாக அனுமதி கேட்டுப் பாருங்க.

2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது நிலநடுக்கமே வரவில்லை. நிலம் சும்மா இருக்கும்போதே நிற்க முடியாத கட்டடங்களை நம் பக்கம் பார்த்துவிட்டோம். நாளைக்கு வரைபடத்தில் கையெழுத்துப் போடப்போவது நம்ம பேட்ச்தான். பார்க்கிங் தளத்தில் ஒரு சுவரை எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு கார் நிற்கும் என்று ஓனர் கேட்பார். அப்போது முடியாது என்று சொல்வதோடு, ஏன் முடியாது என்பதை ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.