காதால் தேடாதீர்கள், கண்ணால் தேடுங்கள்

ஆர், இ, ஏ, என். இந்த நான்கு ஆங்கில எழுத்துகளையும் தலா ஒருமுறை பயன்படுத்தி எத்தனை பொருளுள்ள சொற்களை அமைக்கலாம்?

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது பழகிய கேள்வி. ‘நியர்’ கண்ணில் பட்டதும் ‘ஒன்று’ என்று குறித்துவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம். ‘ஏர்ன்’ என்ற சொல் தேர்வறையை விட்டு வெளியே வந்த பிறகு நினைவுக்கு வரும். விடை இரண்டு. கிடைக்க வேண்டிய மதிப்பெண் போனதோடு, தவறான விடைக்குக் கால் மதிப்பெண்ணும் கழிந்திருக்கும்.

ஐபிபிஎஸ் எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடங்கள். ஒரு கேள்விக்குச் சுமார் 34 விநாடிதான். நான்கு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம். ஐந்தை 120 விதமாக. ஆறை 720 விதமாக. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க நேரம் இருக்காது. இதற்குப் பெரிய ஆங்கிலப் புலமையும் வேண்டாம், முறை தெரிந்தால் போதும்.

எங்கே தடுமாறுகிறோம்?

தமிழ் எழுத்தில் உயிரும் மெய்யும் ஒட்டிப் பிறக்கின்றன. ‘மா’ எந்த இடத்துக்குப் போனாலும் ‘மா’தான். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் காதால் தேடுகிறோம். ஆங்கிலத்தில் உயிரெழுத்து தனியே நிற்கிறது. இடம் மாறினால் ஒலியும் மாறிவிடுகிறது. ‘டைம்’ என்ற சொல்லின் நான்கு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ‘ஐட்டம்’, ‘எமிட்’, ‘மைட்’ வரும். ‘லிசன்’, ‘சைலன்ட்’ இரண்டுக்கும் ஆறு எழுத்துகளும் ஒன்றே. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த உறவு காதுக்குத் தெரியவே தெரியாது. ‘லிசன்’ என்கிறபோது உள்ளே இருக்கும் டி ஒலிப்பதுகூட இல்லை.

எழுத்துகளைக் கொடுத்துச் சொல் கேட்டால்

1. உயிரெழுத்துகளை ஒரு பக்கமும் மெய்யெழுத்துகளை மறுபக்கமும் எழுதுங்கள்.

2. ஒவ்வோர் எழுத்தாக முதலிடத்தில் நிறுத்திப் பாருங்கள். நான்கு எழுத்து என்றால் நான்கே சுற்று. ‘ஆர்’ முதலில் வந்தால் என்ன, ‘இ’ வந்தால் என்ன என்று வரிசையாகப் போனால் ‘ஏர்ன்’ தப்பாது. ஒரு சொல் கிடைத்ததும் நிறுத்துவதுதான் பெரிய தவறு.

3. எஸ் இருந்தால் அதை முதலில் கடைசியில் வையுங்கள், பிறகு தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘டாப்ஸ்’, ‘பாட்ஸ்’, ‘ஆப்ட்ஸ்’ ஒரு பக்கம். ‘ஸ்டாப்’, ‘ஸ்பாட்’ மறுபக்கம். நடுவில் வைத்தால் ‘போஸ்ட்’. ஆறும் ஒரே நான்கு எழுத்துகள்.

4. நீளமான சொல் என்றால் வாலைப் பிடியுங்கள். ஐ, என், ஜி மூன்றும் சேர்ந்திருந்தால் அவற்றைக் கடைசியில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். இ, ஆர் இருந்தாலும் அப்படியே. க்யூ வந்தால் பக்கத்தில் யு-வைத் தேடுங்கள்.

5. ஊர்ப்பெயர், ஆட்பெயர், சுருக்கப்பெயர் கணக்கில் வராது. பெரிய அகராதியில் மட்டும் கிடைக்கும் அபூர்வச் சொற்களையும் தேட வேண்டாம்.

‘எந்தச் சொல்லை அமைக்க முடியாது?’

எஸ்எஸ்சி தேர்வுகளில் வந்திருக்கும் வகை இது. ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லைக் கொடுத்து, ‘ஓரியன்டல்’, ‘ரீடெய்ல்’, ‘நேஷனல்’, ‘டாலரேட்’ நான்கில் எது வராது என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பார்வையில், மூலச்சொல்லில் இல்லாத எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே நான்கிலும் அப்படி எதுவும் இல்லை. பலர் குழம்பி நிற்பது இந்த இடத்தில்தான். இரண்டாம் பார்வையில், விடைச்சொற்களில் இரட்டையாக வரும் எழுத்துகளை மட்டும் எண்ணுங்கள். ‘நேஷனல்’ சொல்லில் என், ஏ இரண்டிரண்டு. மூலச்சொல்லில் என் மூன்று, ஏ இரண்டு இருப்பதால் சிக்கல் இல்லை. ‘டாலரேட்’ சொல்லில் டி இரண்டு, இ இரண்டு. மூலத்தில் டி இரண்டு உண்டு, இ ஒன்றுதான். விடை கிடைத்துவிட்டது.

இடம் சொல்லிக் கேட்டால்

‘ரிமெய்ண்டர்’ (மீதி) என்ற சொல்லின் 1, 2, 4, 6 ஆம் எழுத்துகளால் ஒரே ஒரு சொல் அமையுமானால் அதன் மூன்றாம் எழுத்து எது என்பார்கள். கூடவே ‘ஒன்றுக்கு மேல் அமைந்தால் எக்ஸ் என்று குறி’ என்ற நிபந்தனையும் இருக்கும். எழுத்துகளை எடுத்துப் பாருங்கள்: ஆர், இ, ஏ, என். முதல் பத்தியில் பார்த்த அதே நால்வர்! ‘நியர்’ மட்டும் தெரிந்தவர் ‘ஏ’ என்பார். ‘ஏர்ன்’ தெரிந்தவர் எக்ஸ் என்பார். நிபந்தனையை முதலில் படியுங்கள், எழுத்தைப் பிறகு எடுங்கள்.

தினம் 15 நிமிடம்

ஒரு நோட்டில் சொற்குடும்பங்களை எழுதி வாருங்கள். எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அதைக் குடும்பப் பெயராக வையுங்கள். ‘டைம்’ குடும்பத்துக்கு இ, ஐ, எம், டி. எந்தக் கலைந்த வரிசை வந்தாலும் அகரவரிசைப்படுத்தினால் குடும்பம் தெரிந்துவிடும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களும் கையிலுள்ள கட்டைகளை இப்படி அடுக்கி வைத்துப் பழகுவது உண்டு. ஐடி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பயன்படும். ஒரே எழுத்துகளாலான சொற்களைக் குழுவாகப் பிரிக்கும் நிரலை எழுதச் சொல்வது நேர்காணல்களில் வழக்கமான கேள்வி. அதற்கு எளிய விடையும் இந்த அகரவரிசைதான்.

தேர்வறையில் ஒரு சொல்லுக்கு 40 விநாடி தாண்டினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆனால் முதல் சொல் கிடைத்த மகிழ்ச்சியில் மட்டும் எழுந்துவிடாதீர்கள். நம் உதாரணத்தில் பலர் தவறவிடும் அந்த இரண்டாவது சொல்லுக்குப் பொருள், சம்பாதிப்பது.