நிரல் கற்கும் நெறி

நுழையும்முன்

கணினிக்குக் கட்டளையிடும் கலை இன்று கைப்பேசி வழியாகச் சிற்றூர்களையும் எட்டியுள்ளது. கற்கும் வாய்ப்புகள் பெருகிய அளவுக்கு, எதிலிருந்து தொடங்குவது என்னும் மயக்கமும் பெருகியுள்ளது. தமக்குரிய வழியைத் தேர்வது எவ்வாறு என்பதைத் தென்காசிச் சூழலில் வைத்து ஆராய்கிறது இப்பாடம்.

முதல் வினா

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பகுதியில் அமைந்த பேரூர் அச்சன்புதூர். அங்குப் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருவர் நிரலாக்கம் கற்க விழைவதாகக் கொள்வோம். ‘பைத்தான் படி’ என்பார் ஒருவர். ‘ஜாவா படித்தால்தான் வேலை’ என்பார் மற்றொருவர். இரண்டையும் தொடங்கிப் பாதியில் விட்டபின், ‘எனக்கு இது வராது’ என்று அம்மாணவி முடிவுசெய்துவிடக்கூடும். தொடக்கத்தில் கேட்கவேண்டிய வினாவைக் கேளாமையால் நேரும் இழப்பு இது. எம்மொழியைக் கற்பது என்பதற்கு முன், எதைச் செய்ய விரும்புகிறேன் என்பதே அவ்வினா.

விருப்பமும் வழியும்

குற்றாலத்தில் சாரல் பொழியும் நாள்களைக் குறித்துவைத்து, ஆண்டுக்காண்டு ஒப்பிடும் ஆர்வம் உடையவருக்குத் தரவுப் பகுப்பாய்வு ஏற்றது. அதற்குப் பைத்தான் துணைநிற்கும். வண்ணத்திலும் எழுத்துருவிலும் மனம் தோய்பவர், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைக் கொண்டு இணையப்பக்கம் வடிவமைக்கலாம். வயலில் ஈரம் குறைந்ததும் நீரேற்றும் மோட்டாரைத் தானே இயங்கச் செய்ய எண்ணுபவருக்கு, ஆர்டுயினோ போன்ற சிறு மின்னணுப் பலகைகள் உதவும். கதை சொல்ல விரும்புபவர், ஸ்கிராட்ச் மொழியில் அசையும் படங்களை உருவாக்கித் தொடங்கலாம்.

வழிகள் வேறாயினும் அடிப்படை ஒன்றே. மழை பெய்த நாள்களை எண்ணும் நிரலில், எண்ணிக்கையைத் தாங்குவது மாறி. மழை பெய்ததா எனச் சோதிப்பது நிபந்தனை. ஒவ்வொரு நாளுக்கும் அச்சோதனையைத் திரும்பச் செய்வது மடக்கு. திரையில் ஒரு படத்தை நகர்த்தும் நிரலிலும் இம்மூன்றுமே பயன்படுகின்றன. எனவே, ஒரு வழியில் சென்றபின் வேறு வழிக்கு மாறுபவர் கற்றதை இழப்பதில்லை.

அருகில் ஒரு சான்று

தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருள் அலுவலகம் இயங்குகிறது. 1996இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், மேனிலைக் கல்வியை முடித்தோருக்கு உதவித்தொகையுடன் பயிற்சியளிக்கும் கற்றல் பள்ளிகளைச் சென்னையிலும் தென்காசியிலும் நடத்துகிறது. தொழில்நுட்பம், வடிவமைப்பு, வணிகம் எனப் பயிற்சிகள் தனித்தனியே அமைந்திருப்பது கருதத்தக்கது. நிரல் எழுதுவோர், தோற்றத்தை வடிவமைப்போர், பயன்படுத்துவோரின் தேவையை அறிந்து கூறுவோர் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஒரு மென்பொருளை நிறைவு செய்கின்றனர். பல்வேறு இயல்பினருக்கும் இத்துறையில் இடமுண்டு என்பதை இது உணர்த்துகிறது.

கடினமும் சலிப்பும்

தேர்ந்த வழி தமக்கு ஏற்றதா என்பதை அறிய, இரண்டு வாரங்களில் முடியும் சிறு படைப்பொன்றைச் செய்து பார்த்தல் நன்று. நிரல் இயங்காமல் பிழைச்செய்தி தோன்றுவது யாவருக்கும் உரியது. அதனைத் தகுதியின்மை என்று கொள்ளலாகாது. பிழையைத் திருத்தியபின் அடுத்து என்ன செய்யலாம் என்று மனம் நாடினால், அது கடினமேயன்றித் தவறான வழி அன்று. நிரல் சரியாக இயங்கியபோதும் மகிழ்ச்சி பிறக்கவில்லையெனில், வேறு வழியை நாடலாம்.

ஆர்வம் மட்டுமே போதும் என்று கருதிவிடவும் கூடாது. கணிதமும் தொடர்பயிற்சியும் ஆங்கிலக் கையேடுகளைப் படிக்கும் திறனும் தேவை. ஆயினும், தாம் விரும்பிய ஒன்றைச் செய்துமுடிக்கும் வேட்கையே அவற்றைக் கற்கும் பொறுமையைத் தரும். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் தீர்வை எதிர்நோக்கும் சிறு தேவையொன்றைக் கண்டறியுங்கள். உங்கள் முதல் நிரல் அதற்குரியதாக அமையட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தேவையொன்றைத் தேர்ந்து, அதனைத் தீர்க்கும் நிரலின் படிநிலைகளைத் தமிழில் எழுதுக.
2. ‘கடினம் வேறு, சலிப்பு வேறு’ – உங்கள் கற்றல் பட்டறிவைக்கொண்டு வகுப்பறையில் உரையாடுக.