இல்லத்தில் முதல் சில இரவுகள்

முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது பெட்டி நிறையப் புதுத்துணி அடுக்கிவிடுகிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கட்டிலில் எந்தப் பக்கம் இறங்குவார் என்பதை யாரிடமும் சொல்வதில்லை. தடுமாறி விழுவது அங்கேதான்.

துணிகளில் அழியாத மையால் பெயர் எழுதுங்கள். பழைய புடவை, பழைய தலையணை, வீட்டு டம்ளர் போதும்.

தூக்கக் கலக்கத்தில் எழுகிறவரின் கால், பழைய வீட்டின் வழியில்தான் போகும். வீட்டில் இடப்பக்கம் இறங்கிக் கழிவறைக்குப் போனவர், இங்கே சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே கட்டிலை வீட்டில் இருந்த மாதிரியே போடச் சொல்லுங்கள். இடமில்லை என்பார்கள். அலமாரியை நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் இடம் கிடைக்கும். உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் படிய வேண்டும். கழிவறை வாசலில் மிதியடி கூடவே கூடாது. இரவு விளக்கு கண்ணில் அடிக்காமல் தரையில் விழட்டும். பிறகு அவரைப் படுக்க வைத்து, பெரிய விளக்கை அணைத்து, அழைப்பு மணியையும் மூக்குக்கண்ணாடியையும் எடுக்கச் சொல்லுங்கள். கை எட்டவில்லையென்றால் உடனே இடம் மாற்றுங்கள். எழுந்ததும் நடக்கக் கூடாது. ஓரிரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

இன்னொன்று, கழிவறைக்குப் பயந்து பலர் தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரலாம், திடீரென்று மனமும் குழம்பலாம். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் அளவு விதிக்காதவரை பகலில் தாராளமாகக் குடிக்கட்டும், படுக்கப்போகும் நேரத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

காபி எத்தனை மணிக்கு, சர்க்கரை எவ்வளவு, குளியல் காலையா மாலையா, பல்செட்டைக் கழற்றி எதில் போடுவார், காதுக்கருவியின் பேட்டரி எங்கே, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். முப்பது வருஷம் 'டீச்சர்' என்று அழைக்கப்பட்டவரை 'பாட்டி' என்றால் முகம் வாடிவிடும். பகல் பணியாளரிடம் வாயால் சொன்னது இரவு ஆயாவுக்குப் போய்ச் சேராது. இரவுப் பணி மாறும் நேரத்தில் நீங்களே நின்று அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். குளிப்பாட்ட ஒரே ஆளை அனுப்பச் சொல்லுங்கள். புது ஆள் முன்னால் தினம் தினம் உடை களைவது யாருக்கும் கஷ்டம்தான்.

'பழகும்வரை வராதீர்கள்' என்று சில இடங்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். காலையில் நிரப்பியது மாலையிலும் அப்படியே இருந்தால் அன்றே நர்ஸிடம் பேசுங்கள். அங்கே யாரும் காதில் வாங்காவிட்டால், முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.