இலை மஞ்சளித்தல்: பசியோ, நோயோ?

செடியின் இலை வெளிறக் கண்டவுடன் நம்மிற் பலர் குடங்குடமாக நீர் வார்ப்பர். சிலர் எரு இடுவர். யானும் அவ்வாறே செய்தவன். என் தாயார் வளர்த்த செம்பரத்தையின் கிளையொன்றைச் சென்ற ஆண்டு கொணர்ந்து விடுதிக் கிணற்றருகே நட்டேன். சில திங்கள் தழைத்த அச்செடி பின்னர் மஞ்சளிக்கலாயிற்று. சாணமும் சாம்பலும் இட்டும் பயனில்லை. தோட்டக்காரர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து, "தம்பி, இது பசியில்லை, நோவு" என்றார். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையே இக்கட்டுரையின் பொருளாம்.

பசியால் வரும் வெளிறுதலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தழைச்சத்துக் குறையின், செடி தன் முதிய இலைகளிலுள்ளதைத் தளிர்களுக்கு அனுப்பிவிடும்; ஆதலின் அடியிலைகளே முதலில் முழுதும் மஞ்சளாகும். தொழுவுரமும் கடலைப்பிண்ணாக்கும் அதனைத் தீர்க்கும். இரும்புச்சத்தோ எளிதில் இலைவிட்டு இலை பெயராது. அது குறையின் தளிர்கள் வெளிறும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாய் நிற்கும். சுண்ணாம்பு மிக்க மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனைக் கொள்ளமாட்டாது. அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் வீதம் நீரிற் கரைத்து மாலையில் தெளித்தால் தளிர்கள் மீண்டும் பச்சை கொள்ளும்.

வைரஸ் நோய் இத்தகைய ஒழுங்கற்றது. ஒரே இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாய் விரவும். அல்லது நரம்புகள் மஞ்சளித்து, இடைப்பகுதி பச்சையாய் நிற்கும். இரும்புப்பசியிற் கண்டதற்கு இது நேர்மாறு. செம்பரத்தையின் இலைச்சுருள் நோயில் விளிம்பு சுருளும். அடிப்புறத்து நரம்புகள் தடிக்கும். சிலவேளை நரம்பினின்று சிற்றிலை போன்ற மடலும் எழும். எனக்குத் தோட்டக்காரர் காட்டியது அம்மடலே. இந்நோயைச் சுமந்து செல்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை ஈ. வெண்டையின் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவதும் இதுவே. வெண்டை, பருத்தி, துத்தி, செம்பரத்தை யாவும் ஒரே குடும்பத்தன. ஆதலின் காய்கறிப் பாத்தியையும் பூஞ்செடியையும் ஒருங்கே நோக்குதல் நன்று.

தமிழ் பயிலும் எனக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. கி.பி. 752-இல் ஜப்பானியப் பேரரசி கோகென், கோடையிலேயே இலை மஞ்சளித்த செடியொன்றைப் பாடினார். மன்யோஷூ என்னும் தொகைநூலில் அப்பாட்டு உள்ளது. அச்செடியின் மஞ்சள் நரம்புக்கு வைரஸே காரணமென 2003-இல் ஆய்வாளர் காட்டினர். துத்தியினத்து அபுதிலான் செடியொன்று 1868-இல் மேற்கிந்தியத் தீவுகளினின்று ஐரோப்பாவை அடைந்தது. அதன் பொன்புள்ளி இலைகளின் அழகை விரும்பி ஒட்டுக்கட்டிப் பரப்பினர், பரப்பியது நோயையே! எனினும் புள்ளியிலையெல்லாம் நோயிலை அன்று. குரோட்டனின் வண்ணம் அதன் பிறவியில் அமைந்தது.

இனி மருந்து யாது? வைரஸ் செடியின் உயிரணுக்களுள் தங்கிப் பெருகுவதாதலின், தெளிக்கும் மருந்து அதனை அழிக்காது. கந்தகத்தூளும் போர்டோக் கலவையும் பூஞ்சைக்கு உரியன. இங்கு அவை வீண். செடியை வேரோடு பிடுங்கி எரித்தலே வழி. அதற்கு முன் வேப்பெண்ணெயைச் சோப்புநீரிற் கலந்து இலையின் அடிப்புறத்தில் தெளித்து ஈக்களை அடக்கவேண்டும். இன்றேல் அவை அடுத்த செடிக்குப் பறந்துவிடும். விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் அட்டையை நட்டுவைத்தாலும் ஈக்கள் வந்து ஒட்டும். கிளை நடுவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: நோயுற்ற தாய்ச்செடியின் கிளை, கண்ணுக்கு நலமாகத் தோன்றினும், நோயைச் சுமந்திருக்கலாம்.

இதனைப் படித்தபின் என் செடியைப் பிடுங்கி எரித்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் சென்றதும் முதலில் தாயாரின் செடியைத்தான் பார்த்தேன். மேல்புறக் கிளையில் அதே தடித்த நரம்பும் மடலும் இருந்தன. அச்செடியினின்று மூன்று வீடுகளுக்குக் கிளை போயிருக்கிறது. அவற்றுள் இரண்டில் இலைகள் சுருண்டிருந்தன. பிடுங்கிவிடலாமென யான் கூற, "பூக்கிற செடியைப் போய்ப் பிடுங்குவாங்களாப்பா?" என்றார் தாயார். விடையளிக்க என்னால் இயலவில்லை. இனி எவர்க்கும் கிளை கொடுப்பதில்லை என்பதற்கு மட்டும் இசைந்தார். செடி இன்னும் வாசலில் நிற்கிறது.